பழக்கமும் சார்பும்

கம்பம் பள்ளத்தாக்கிற் பிறந்தார் ஒருவர் வெற்றிலையை இகழ்ந்து பேசத் துணியார். மேற்கு மலைத்தொடருக்கும் அதன் கிளையாகிய மேகமலைக்கும் இடையே முல்லையாறு பாய்ந்து வளஞ்செய்யும் இந்நிலத்தில், சின்னமனூர்க் கொடிக்கால் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. அகத்தியைக் கொழுகொம்பாக வளர்த்து, வாழைநாராற் கொடியைக் கட்டி மேலேற்றி, இலை கிள்ளிக் கவுளியாக அடுக்கி, அவ்வருவாயாற் பிள்ளைகளைப் படிப்பித்த குடிகள் பல. எம் குடியும் அவற்றுள் ஒன்று. என் தந்தையார் பிறர் கொடிக்காலிற் கூலிக்குக் கொடி கட்டியவர். ஆகவே யான் ஈண்டுக் கூறப்புகும் குறை வெற்றிலையைச் சார்ந்ததன்று என்பதை முதற்கண்ணே சொல்லிவிடுகின்றேன். அஃது அதனோடு சேர்ந்த பாக்கையும் புகையிலையையும் சாரும். அவற்றைச் சேர்த்துக்கொண்ட என்னையும் சாரும்.

யான் தாம்பூலம் தரிக்கத் தொடங்கியது 1977 ஆம் ஆண்டில், பதினெட்டாம் அகவையில். காவிரிக்கரைத் திருமடம் ஒன்றில் உண்டியும் உறையுளும் பெற்றுத் தமிழ் பயின்ற காலம் அது. எமக்குத் தொல்காப்பியம் கற்பித்த பெரியார், சூத்திரத்துக்கு உரை விரிக்குமுன் வாயிலுள்ளதைப் படிக்கத்தில் உமிழ்ந்து தொண்டையைச் செருமிக்கொள்வார். அச்செருமலே எமக்குக் கடவுள் வாழ்த்துப் போல இருந்தது. அவருக்கு இலையின் காம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவி மடித்துக் கொடுக்கும் பணி என்னுடையது. முதலிற் கை பழகிற்று. கையின் பின் வாய் பழகிற்று. நீயும் தரித்துப் பார் என்று அவர் ஒருபோதும் சொன்னாரல்லர். அவரது புலமையை விரும்பினேன். அஃது எளிதில் வருவதாயில்லை. அப்புலமைக்கு அடையாளமென்று யான் கருதிய சிவந்த வாய் மட்டும் ஓராண்டில் வந்துவிட்டது.

முதலில் இலையும் பாக்கும் சுண்ணாம்புமாக இருந்தது. படிப்பு முடிவதற்குள் புகையிலையும் சேர்ந்தது. பின்னர் 1984 இல் எம் பகுதிப் பள்ளியொன்றில் தமிழாசிரியனாக அமர்ந்தபோது, பாடவேளைக்கும் பாடவேளைக்கும் இடையே ஒரு மடிப்பு என்பது மணியடிப்பதைப் போல ஒழுங்காயிற்று. முன் வரிசைப் பிள்ளைகள் தம் புத்தகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பாடங் கேட்டதைப் பல ஆண்டு கண்டும், அதன் காரணத்தை யான் உணரவில்லை.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2018 ஆவணித் திங்களில் ஒரு மாலை, சின்னமனூர்ப் பூலாநந்தீசுவரர் திருக்கோயிலில் தேவாரம் ஓதிக்கொண்டிருந்தேன். ஆகாரத்தில் இசை நீள வேண்டிய ஓரிடத்தில் வாய் திறக்கவில்லை. குரல் இருந்தது, மூச்சும் இருந்தது, கதவு மட்டும் பாதியில் நின்றுவிட்டது. சில திங்களாகவே உறைப்புப் பட்டால் வாயெரியும். அதற்காக என் இல்லாளிடம், மிளகாயை அள்ளிப் போடுகிறாய் என்று சினந்து கொள்வேன். அவள் மிளகாயைக் குறைத்துக் குறைத்து, இறுதியில் இருவருக்கும் இரண்டு குழம்பு வைத்தாள். அப்போதும் எனக்கு எரிந்தது.

தேனியில் ஒரு பல் மருத்துவர், என் விரல்களையே என் பல் வரிசைகளுக்கிடையே செங்குத்தாக நிறுத்தச் சொன்னார். மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் இரண்டே நுழைந்தன. கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார் நாராகக் கட்டியிருந்தது. “இது பாக்குச் செய்த வேலை, ஐயா” என்றார். யான் அதுகாறும் புகையிலை ஒன்றே கெடுதி, பாக்குச் சீரணத்துக்கு உதவுவது என்றே எண்ணியிருந்தேன். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004 இல் வெளியிட்ட நூலில், புகையிலை கலவாத பாக்குங்கூட மனிதருக்குப் புற்று விளைப்பதென்று வகுத்துவிட்டதாம். பாக்கின் சாரம் கன்னத்தின் உட்டசையில் நார் பெருகச் செய்கின்றது. சுண்ணாம்பின் காரம் அச்சாரத்தையும் புகையிலையின் நஞ்சாகிய நிகோட்டினையும் விரைவில் உடம்பிற் புகச் செய்கின்றது. இவ்வாறு நாம் மங்கலமென்று மடிக்கும் மடிப்பில் ஒன்றற்கொன்று துணையாய் நிற்கும் கேடுகள் உள. வெற்றிலையோ அவற்றைப் பொதிந்து கொடுக்கும் இலையாக இடையில் நின்று பழி சுமக்கின்றது.

தசையில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினர். விடை வர ஒன்பது நாள். ஆகாரம் வாயைத் திறத்தலாற் பிறப்பது என்று தொல்காப்பியத்துப் பிறப்பியலை மூன்று பதிற்றாண்டு பாடஞ் சொன்ன வாய் இது என்னும் எண்ணமே அவ்வொன்பது நாளும் என்னை உறங்கவொட்டாமற் செய்தது. புற்று இல்லையென்று விடை வந்தது. ஆயினும் மருத்துவர் என்னை மகிழ விடவில்லை. கட்டிய நார் பழையபடி நெகிழாது. நிறுத்தினால் மேற்கொண்டு கட்டுவது தடைப்படும். புற்றாகும் இடர் குறையுமேயன்றி முற்றும் நீங்காது. ஆறு திங்களுக்கு ஒருமுறை காட்டவேண்டும் என்றார்.

அன்று மாலையே புகையிலைப் பொட்டலத்தையும் பாக்கையும் முல்லையாற்றில் எறிந்தேன். வீரம் மூன்று நாள் நின்றது. நான்காம் நாள், என் மாணாக்கன் ஒருவனுடைய பெட்டிக்கடை வழியிலிருப்பதால், அதனை விலக்கி இரண்டு தெரு சுற்றிச் சென்று, துண்டால் முகத்தைத் துடைப்பவன் போல மறைத்துக்கொண்டு புகையிலை வாங்கினேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்தொன்பது.

பின்னர் என் மகன் ஒரு யோசனை சொன்னான். விடவேண்டாம், ஏழு நாள், தரிக்கும் ஒவ்வொரு முறையும் எந்நேரம், எவ்விடம், யார் உடனிருந்தார் என்று மட்டும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள் என்றான். எழுதினேன். நாளொன்றுக்குப் பதினேழு. பதினேழு முறையும் வேட்கை எழுந்து தரித்தேன் என்றே நினைத்திருந்தேன். குறிப்பேடு வேறு கதை சொல்லிற்று. காலைக் காப்பி குடித்த பின்னும், ஏட்டைக் கையில் எடுத்தபோதும், உண்டெழுந்தபோதும், கோயிலுக்கு நடக்கும்போதும், திண்ணையில் நண்பர் இருவரோடு அமர்ந்தபோதும் என்று இடம் ஐந்தே. அவற்றுள் திண்ணையில் மட்டும் ஆறு மடிப்பு. நண்பர் ஊருக்குச் சென்றிருந்த ஒரு நாளில் அந்த ஆறும் இல்லை. அவற்றை யான் நினைக்கவுமில்லை!

சித்தாந்தம் பயின்றார் யாவரும் அறிந்த கொள்கை ஒன்று உண்டு. உயிர் தனித்து நில்லாது. சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் என்பது. பளிங்கு தன் அருகிருந்த நிறத்தைக் காட்டுவதை உவமையாகக் கூறுவர். இதனை மாணாக்கர்க்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கின்றேன். தேர்விலும் வினாவாகக் கேட்டிருக்கின்றேன். என் வாயிலிருக்கும் புகையிலைக்கும் அக்கொள்கைக்கும் தொடர்புண்டென்று ஒருநாளும் எண்ணினேனல்லேன். என் தந்தையார் கொடிக்காலிற் கொடியைப் பிடுங்காமல் இடம் மாற்றுவதைச் சிறுவயதிற் கண்டிருக்கின்றேன். பழைய அகத்தி சாய்ந்தால், முதலிற் புதிய கொம்பை அருகில் நிறுத்தி நாராற் கட்டுவார். அதன் பின்னரே பழையதை அறுப்பார். யானோ பழைய கொம்பை மட்டும் ஆற்றில் எறிந்தேன்.

ஆதலின் அவ்வைந்து இடங்களுக்கும் ஐந்து கொம்பு தேடினேன். காப்பியைச் சிலகாலம் நிறுத்திச் சுக்குமல்லி நீர் குடித்தேன். காப்பியின் மணமே புகையிலையை அழைத்தமையின். உண்டெழுந்தவுடன் பல் துலக்கினேன். இச்சிறு செயல் மருந்தனைத்தினும் மிகுதியாக உதவிற்று என்றால் நகைப்பீர்கள். ஏடு எடுக்கும்போது வாயில் ஒன்று வேண்டும் என்னும் குறைக்கு ஏலக்காய் ஒன்றை அடக்கிக்கொண்டேன். நம் பள்ளத்தாக்கின் மேற்கே மலைமேல் விளையும் ஏலம், போடிநாயக்கனூரில் ஏலம் விடப்படுகின்றது. சொல் ஒன்று, பொருள் இரண்டு. அதன் நல்ல காய் வாங்கும் விலைக்குப் புகையிலையே மலிவு என்று என் இல்லாள் சொல்லி, தானே போய் வாங்கியும் வந்தாள். நெல்லி வற்றலும் சோம்பும் கிராம்பும் மாறி மாறி வந்தன. அதிமதுரத்தை மட்டும் சில நாளில் நிறுத்தினேன். மிகுதியாகக் கொண்டால் குருதியழுத்தம் ஏறும் என்று மருத்துவர் தடுத்தார். திண்ணைக்குத்தான் மாற்றுக் காணுதல் அரிதாயிற்று. நண்பரை எறிதல் கூடுமோ? இருவரிடமும் உள்ளதைச் சொன்னேன். ஒருவர், இனி நாம் நடந்துகொண்டே பேசுவோம் என்றார். மற்றவர் வரவில்லை, இன்றும் அவர் எதிர்த் திண்ணையில்தான் இருக்கின்றார்.

பச்சிலையாலும் சரக்காலும் பழக்கம் நீங்கிவிட்டது என்று யான் எழுதினால் அது பொய். ஏலக்காய் நாவுக்கு வேலை கொடுத்தது, அவ்வளவே. நிகோட்டின் பழகிய உடம்பு அதனைக் கேட்டு முதல் நான்கைந்து நாள் படுத்தியது. சினம், உறக்கமின்மை, மலச்சிக்கல், காரணமற்ற அழுகை எல்லாம் வந்தன. மலச்சிக்கலுக்கு இரவில் ஊறவைத்த உலர்ந்த திராட்சை உதவிற்று. மற்றவற்றுக்கு நாள் கழிவதே மருந்து. வேட்கை எழும்போது அஃது இனி நீங்காது என்றே தோன்றும். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால், எழுந்து தணிய ஐந்து முதற் பத்து நிமிடம். அந்நேரத்துக்கு ஒரு பதிகம் போதும். தாங்க இயலாதார்க்கு நிகோட்டின் சேர்ந்த சுயிங்கம் போன்றவை உண்டு, மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு நாண வேண்டுவதில்லை. புகையிலைப் பொட்டலத்தின் மேலேயே 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 2018 முதல் அச்சிடப்படுகின்றது. நாற்பதாண்டு அப்பொட்டலத்தைக் கையாண்ட யான் அதனை வாசித்தது விட்ட பிறகுதான்.

நாற்பத்திரண்டாம் நாள் உத்தமபாளையத்தில் ஒரு திருமணம். தட்டில் வெற்றிலை பாக்கு நீட்டினர். புகையிலை இல்லையே, மங்கலத்துக்கு ஒன்று என்று எடுத்தேன். அன்று இரவே புகையிலை வந்துவிட்டது. மறுபடி எழ மூன்று வாரம் ஆயிற்று. மருத்துவரிடம் சொல்ல வெட்கினேன், அவர் வெட்கப்படவில்லை. “விழுந்த இடத்தைக் குறிப்பேட்டில் எழுதினீர்களா?” என்று மட்டும் கேட்டார். ஆறாவது இடமாகத் திருமண வீட்டை எழுதினேன். அன்றுமுதல் தாம்பூலத்தை இரு கையாலும் வாங்கி, மடியில் வைத்து, வீட்டுப் பூசையறைக்குக் கொண்டு வருகின்றேன்.

நிற்க. என் கதை இவ்வளவே. இதனை எழுதத் தூண்டியவன் வேறொருவன். கம்பத்தில் திராட்சைத் தோட்டத்திற் பணிசெய்யும் என் பழைய மாணாக்கன். கம்பத்துப் பன்னீர்த் திராட்சை 2023 இல் புவிசார் குறியீடு பெற்றதை நாளிதழில் யாவரும் படித்திருப்பீர்கள். அதற்குக் கவாத்து வெட்டும் கைகளில் அவனுடையதும் ஒன்று. அக்கையில் மாலையானால் மதுக் குப்பி இருக்கும். ஆயினும் ஆண்டுதோறும் கார்த்திகை முதல் நாள் மாலையணிவான். நாற்பத்தொரு நாளும் ஒரு துளி தொடான்.

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி ஏறும் சாலை சபரிமலை செல்வார் வழி. கார்த்திகையிலும் மார்கழியிலும் இச்சாலையோரத்தில் நின்று பார்த்தால், குடியை விடல் முடியாது என்னும் சொல் பொய்யென்று விளங்கும். விட்டவர் ஆயிரக்கணக்கில் வெறுங்காலோடு நடந்து செல்வர். மலையிறங்கி மாலையைக் கழற்றிய அன்றே பலர் மீண்டும் தொடங்குவதும் இச்சாலையிலேயே தெரியும். மனவலிமை ஒரே நாளில் எங்கே போயிற்று? யான் நெடுங்காலம் இதனைக் கேலியாகவே பேசி வந்தேன். குறிப்பேடு எழுதிய பின் கேலி நின்றது. அந்த நாற்பத்தொரு நாளில் மாறுவது குடியொன்று மட்டுமன்று. உடை மாறுகின்றது, பாய் மாறுகின்றது, இருவேளைக் குளிர்நீராடல், மாலைப் பசனை, உடன் அமர்வார் அனைத்தும் மாறுகின்றன. பெயரும் மாறுகின்றது, பெற்ற தாயும் அவனைச் “சாமி” என்கின்றாள். மாலையோடு இவை அனைத்தும் ஒரே நாளிற் கழற்றப்பட்டால், பழைய கொம்பைத் தவிரப் பற்றிக்கொள்ள அவனுக்கு என்ன இருக்கின்றது?

நோய்த் தொற்றின்பொருட்டு 2020 மார்ச்சு 24 அன்று மதுக்கடைகள் அடைக்கப்பட்டன. மே 7 வரை திறக்கவில்லை. இந்நாட்டில் 1948 இல் மாகாண முழுதும் மதுவிலக்கு வந்ததும், 1971 இல் அது தளர்ந்ததும், 1974 இல் மீண்டதும், 2003 இல் அரசே சில்லறைக் கடை நடத்தப் புகுந்ததும் முதியோர் அறிவர். கடை அடைபட்டதே நல்லதென்று யானும் மகிழ்ந்தேன். மூன்றாம் நாள் அவன் மனைவி அழுதுகொண்டு தொலைபேசியில் அழைத்தாள். அவனுக்குக் கை கால் நடுங்கி, வியர்த்து, சுவரில் இல்லாத எறும்புகளைத் தட்டிக்கொண்டிருக்கின்றான் என்றாள். விரதத்துக்கு முன் ஆண்டுதோறும் பத்துப் பதினைந்து நாள் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்வான்; இம்முறை நாள்தோறும் மிகுதியாகக் குடித்திருந்த நிலையிற் சட்டென்று நின்றுபோயிற்று. கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். அமைதி தரும் மருந்தும் தயமின் என்னும் உயிர்ச்சத்தும் ஏற்றி, ஒரு வாரம் வைத்துக் காத்தனர். புகையிலையை எவரும் தம் வீட்டிலிருந்தே ஒரு நாளில் விடலாம். துன்பம் உண்டு, உயிர்க்கு இடரில்லை. நாள்தோறும் மிகக் குடிப்பவர் தாமாகத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். அவர் மருத்துவர் காவலிலேயே நிறுத்தல் வேண்டும். இதனை அறியாமல் யான் மகிழ்ந்ததை எண்ணி இன்றும் நாணுகின்றேன்.

அக்காலத்து அவன் மாமியார் ஒரு பொடி வாங்கி வந்தார். குடிப்பவருக்குத் தெரியாமற் சோற்றிற் கலந்து கொடுத்தால் குடியை மறப்பார் என்று விளம்பரம். அப்பொடியை யானே வாங்கிக் குப்பையிற் கொட்டினேன். அதில் என்ன கலந்திருக்கின்றதென்று யாருக்கும் தெரியாது. டைசல்பிரம் என்று குடிக்கு ஒரு மருந்து உண்டு. அதனை உண்டவர் குடித்தால் நெஞ்சு படபடத்து, குருதியழுத்தம் வீழ்ந்து, உயிர்க்கே இடராகும். அதனாலேயே அஃது உண்பவர் அறிந்து, இசைந்து, மருத்துவர் கண்காணிப்பில் உண்ணத்தக்கது. மூலிகையென்று பெயரிட்டால் எதையும் ஊட்டிவிடலாம் என்பது நம்மவரின் பெரும் பேதைமை. மேலும், ஒருவன் அறியாமல் அவன் விடுவது விடுதலாகுமா என்பதும் எனக்கு விளங்கவில்லை.

அவ்வாண்டு கார்த்திகையில் அவன் வழக்கம்போல் மாலையணிந்தான். மலைக்குச் செல்வார் தொகையை மிகச் சுருக்கிவிட்டமையின் அவனுக்குச் செல்ல வாய்க்கவில்லை. நாற்பத்தொரு நாளும் கடந்தன. ஒரு மாலை என் வீட்டுக்கு வந்து வாயிலில் நின்றுகொண்டே, “ஐயா, இதைக் கழற்றாமலே இருந்துவிட்டால் என்ன?” என்று கேட்டான்.

எனக்கு உடனே விடை தோன்றவில்லை. யான் வேறு நெறியிற் பயின்றவன். அவனுடைய விரதமுறையில் தலையிடுதல் தகாது. உன் குருசாமியைக் கேள் என்றேன். அவர், மகரவிளக்கு முடிந்தபின் உள்ளூர்க் கோயிலிற் கழற்றுக என்றார். “அப்படியானால் மாலையை மட்டும் கழற்று, தம்பி, மற்றதை ஏன் கழற்றுகிறாய்?” என்றேன். பாயும் குளிர்நீரும் மாலை நேரத்துக் கோயிலும் நின்றபடி நிற்கட்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். கடை இருக்கும் தெருவை விடுத்து வாய்க்கால் வழியே வீடு திரும்பவும், கூலியை மனைவி கையிற் கொடுக்கவும் அவனே உடன்பட்டான். கானாவிலக்கு மருத்துவர் குறித்த நாட்களிற் தவறாது செல்ல வேண்டும் என்பது என் நிபந்தனை.

பங்குனியில் ஒரு காதணி விழாவில் விழுந்தான். இரண்டு நாள் முகம் காட்டவில்லை. மூன்றாம் நாள் வந்தவனிடம் என் குறிப்பேட்டைத் திறந்து, உத்தமபாளையத்துத் திருமணத்தை எழுதிய பக்கத்தைக் காட்டினேன். தமிழாசிரியர் எழுத்தில் இவ்வளவு பிழையா என்றான். அன்று என் கை நடுங்கியிருந்தது. அவனும் ஒரு குறிப்பேடு வாங்கிக்கொண்டான். அதன் பின் இன்றுவரை அதில் அத்தகைய பக்கம் எழுத நேரவில்லை. மாலை இல்லாதபோதும் அவன் மனைவி அவனைச் “சாமி” என்றே அழைக்கின்றாள். முதலிற் பிள்ளைகள் சிரித்தார்கள், இப்போது அவர்களும் அப்படியே அழைக்கின்றனர்.

என் வாய்க்குப் பயிற்சி ஒன்று உண்டு. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே நுழைத்து, நாள்தோறும் சிறிது நேரம் தாங்கியிருக்க வேண்டும். தொடங்கியபோது பதினான்கு குச்சி நுழைந்தன, ஓராண்டிற் பதினேழாயின, அதன் பின் ஏறவில்லை. ஆகாரம் பாதியிலேயே நிற்கின்றது. ஆயினும் சுருதியைக் குறைத்துக்கொண்டு ஓதுகின்றேன். வெற்றிலைச் செல்லத்திற் பேரன் பென்சில் வைத்திருக்கின்றான். கோயிலிலிருந்து திரும்பும்போது அம்மாணாக்கன் சில நாட்களில் உடன் வந்து என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து குச்சிகளை எண்ணித் தருவான். நேற்றுப் பதினெட்டாவதை நுழைத்துப் பார்த்தோம். நுழையவில்லை. தன் குறிப்பேட்டை எடுத்து, என் கணக்கையும் அதிலேயே குறித்துக்கொண்டு போனான்.